தோல்விக்குப் பின் ஒரு கட்சி: ஐக்கிய தேசியக் கட்சியின் இரு மீளெழுச்சிகள் (1956 - 1977)

இலங்கையின் தேர்தல் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வெற்றிகளின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். 1956 என்றதும் மகாஜன எக்சத் பெரமுனவின் எழுச்சியும், 1970 என்றதும் ஐக்கிய முன்னணியின் வருகையும், 1977 என்றதும் திறந்த பொருளாதாரத்தின் தொடக்கமும் எமது நினைவுக்கு வருகின்றன. இவ்வாண்டுகளில் தோற்றவர்கள் அடுத்த நாட் காலையிலிருந்து என்ன செய்தார்கள் என்பது அத்துணை கவனம் பெறவில்லை. ஆயினும், ஆட்சி மாறி மாறி வந்த நாடு இது. 1956 முதல் 1977 வரை நடைபெற்ற ஆறு பொதுத் தேர்தல்களில் எதிலும், பதவியிலிருந்த அரசு மீண்டும் அறுதிப் பெரும்பான்மையுடன் திரும்பவில்லை. இத்தகைய நாட்டில், இன்றைய தோல்வியாளரே நாளைய ஆட்சியாளர். ஆதலால், தோல்விக் காலத்தில் ஒரு கட்சி எவ்வாறு தன்னை மீளமைத்துக்கொள்கின்றது என்ற கேள்வி அக்கட்சியின் உள்வீட்டு விவகாரமாக மட்டும் அமைவதில்லை.

ஐக்கிய தேசியக் கட்சி (இனி ஐ. தே. க.) 1956 இலும் 1970 இலும் அடைந்த இரு பெருந்தோல்விகளையும், அவற்றிலிருந்து அது மீண்ட இரு வேறு வழிகளையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரண்டுக்கும் இடையில், 1965 இல் தோற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியும் இடதுசாரிக் கட்சிகளும் நடந்துகொண்ட முறையையும் நாம் கருத்திற் கொள்வோம்.

தோல்வியுற்ற கட்சி ஒன்றின் முன் மூன்று வினாக்கள் எழுகின்றன. முதலாவது, யார் தலைமை தாங்குவது என்பது. இரண்டாவது, எஞ்சியுள்ள வாக்குப் பலத்தை எவ்வாறு ஆசனங்களாக மாற்றுவது என்பது. மூன்றாவது, ஆளுங்கட்சியை எந்தப் பிரச்சினையை முன்வைத்து எதிர்ப்பது என்பது. முதலிரண்டும் கட்சியின் உள்ளமைப்பைச் சார்ந்தவை. மூன்றாவதற்கு அளிக்கப்படும் விடையோ நாடு முழுவதையும் பாதிப்பது. எமது வாதம் இதுவே: ஐ. தே. க. முதல் முறை மூன்றாம் வினாவுக்கு மிக இலகுவான விடையைத் தேடிக்கொண்டு ஏனைய இரண்டையும் ஒத்திப்போட்டது. இரண்டாம் முறை முதலிரண்டு வினாக்களுக்கும் திறமையாக விடைகண்டது. இரு முறையும் அதன் மீட்சிக்கான விலையை நாடே செலுத்த நேர்ந்தது.

1. 1956: வீழ்ச்சியின் தன்மை

1946 செப்டெம்பரில் அமைக்கப்பட்ட ஐ. தே. க., கட்சி என்பதைவிடப் பிரமுகர்களின் கூட்டு என்றே கூறத்தக்கதாய் இருந்தது. தோட்ட உடைமையாளர், நிலவுடைமைக் குடும்பத்தினர், கொழும்புச் சட்டத்தரணிகள், கிராமங்களிற் செல்வாக்குப் பெற்ற பெரியவர்கள் ஆகியோர் டி. எஸ். சேனநாயக்கவின் தலைமையில் ஒன்றுசேர்ந்தனர். கிராம மட்டத்தில் அதற்கென ஒழுங்கான கிளை அமைப்பு இருக்கவில்லை. கிளை செய்யவேண்டிய வேலையை உள்ளூர்ச் செல்வந்தரின் செல்வாக்கே செய்தது. தலைமை உறவினர் வட்டத்துக்குள்ளேயே கைமாறியமையால் 'மாமன் மருமகன் கட்சி' என்ற கேலிப்பெயரும் அதற்குக் கிடைத்தது.

1952 இல், டி. எஸ். சேனநாயக்கவின் மறைவை அடுத்து எழுந்த அனுதாப அலையில், 95 ஆசனங்களில் 54 ஐக் கைப்பற்றிய இக்கட்சியின் வலுக்குறைவு அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. 25 சதமாக இருந்த ஒரு கொத்து அரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிகளின் அழைப்பில் நடைபெற்ற ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனநாயக்கவைப் பதவி துறக்கச் செய்தது. அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவல கிராமப்புறச் சிங்கள மக்களின் மனவோட்டத்தை அறியாதவராயிருந்தார். 1954 இல் யாழ்ப்பாணம் சென்றபோது இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வழங்கப்படும் என்று அவர் பேசினார். அப்பேச்சு தெற்கிற் கிளப்பிய எதிர்ப்பைக் கண்டு அஞ்சிய கட்சி, 1956 பெப்ரவரியில் களனியிற் கூடித் தனிச் சிங்களக் கொள்கையை ஏற்றது. இதனாற் கட்சியிலிருந்த தமிழர் வெளியேறினர். சிங்கள வாக்காளரோ, அக்கொள்கையை முன்னரே வரித்துக்கொண்ட பண்டாரநாயக்கவை விட்டு, இறுதி நேரத்தில் மனம் மாறியவர்களை நம்பவில்லை. ஓராண்டு முன்னதாகவே தேர்தலை நடத்திய கட்சி, இரு கரையையும் இழந்த நிலையிலேயே மக்கள்முன் சென்றது.

ஏப்ரல் 5, 7, 10 ஆம் திகதிகளில் நடைபெற்ற வாக்களிப்பில் மகாஜன எக்சத் பெரமுன 51 ஆசனங்களைப் பெற்றது. ஐ. தே. க.வுக்குக் கிடைத்தவை 8. ஜே. ஆர். ஜயவர்த்தன களனியில் ஆர். ஜி. சேனநாயக்கவிடம் தோல்வியுற்றார். பாராளுமன்றத்தில் 14 ஆசனங்களைப் பெற்ற லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேராவே எதிர்க்கட்சித் தலைவரானார். சுதந்திரம் பெற்ற நாள் முதல் ஆண்டு வந்த கட்சிக்குப் பிரதான எதிர்க்கட்சி என்ற இடமும் கிட்டவில்லை.

எனினும் ஒரு விடயத்தை இங்கு வற்புறுத்த வேண்டும். ஆசனங்கள் எட்டாகச் சுருங்கியபோதும், அளிக்கப்பட்ட வாக்குகளில் ஏறக்குறைய 28 வீதம் அக்கட்சிக்கே கிடைத்திருந்தது. எதிரணியினர் தமக்குள் போட்டி தவிர்ப்பு உடன்பாடு செய்துகொண்டமை, தனி உறுப்பினர் தொகுதி முறையில் இந்த வாக்குகளைப் பயனற்றனவாக்கியது. கட்சியின் அடித்தளம் தேய்ந்ததே தவிர அழிந்துபோகவில்லை.

2. கண்டிப் பாதயாத்திரை

இத்தகைய தோல்வியின் பின், கட்சியின் வர்க்கத் தன்மையைப் பற்றியும் அமைப்பின் குறைபாட்டைப் பற்றியும் ஒரு சுயவிசாரணை எழுந்திருக்க வேண்டும். கிராமிய ஆசிரியர், ஆயுர்வேத வைத்தியர், பிக்குகள், விவசாயிகள், தொழிலாளர் ஆகியோரை ஏன் பண்டாரநாயக்க தம்பக்கம் ஈர்த்தார் என்ற வினாவுக்கு விடை தேடப்பட்டிருக்க வேண்டும். அவ்விடை கட்சியின் உயர்குழாத்தினருக்குக் கசப்பானது; தமது இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கவேண்டிய நிலையை அது உருவாக்கியிருக்கும். இதனிலும் குறுகிய ஒரு வழி 1957 யூலையில் திறந்தது.

அம்மாதம் 26 ஆம் திகதி கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், பிரதேச சபைகளையும், வடக்குக் கிழக்கின் நிருவாகத்தில் தமிழுக்கு ஓரிடத்தையும் ஏற்றுக்கொண்டது. தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றிய தலைவரே தமிழருடன் ஓர் இணக்கத்துக்கு வந்தமை, அவரை அவரது சொந்த ஆதரவாளரிடத்தே பலவீனப்படுத்தியது. இந்த இடைவெளியையே ஜயவர்த்தன கண்டுகொண்டார். அவ்வாண்டு ஒக்டோபரில், ஒப்பந்தத்தை எதிர்த்து, கொழும்பிலிருந்து 72 மைல் தொலைவிலுள்ள கண்டித் தலதா மாளிகையை நோக்கி ஒரு பாதயாத்திரையை அவர் வழிநடத்தினார். ஆளுங்கட்சியைச் சார்ந்த எஸ். டி. பண்டாரநாயக்கவும் அவருடைய ஆதரவாளர்களும் இம்புல்கொடையில் வீதியை மறித்ததால் யாத்திரை தடைப்பட்டது.

யாத்திரை தடைப்பட்டாலும் அதன் அரசியல் தடைப்படவில்லை. அரசியலில் இருந்து ஒதுங்கியிருந்த டட்லி சேனநாயக்கவும் ஒப்பந்த எதிர்ப்பில் இணைந்துகொண்டார். 1958 ஏப்ரல் 9 ஆம் திகதி, தமது இல்லத்தின்முன் பிக்குகள் நடத்திய சத்தியாக்கிரகத்தின் அழுத்தத்தில், பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். இதற்கு ஐ. தே. க. மட்டும் பொறுப்பு என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அரசுக்குள் இருந்த கடும்போக்காளரும், வாகனங்களில் 'ஸ்ரீ' எழுத்தை அழித்த போராட்டமும் அதற்கான எதிர்ப்போராட்டமும் தத்தம் பங்கை ஆற்றின. ஆனால், அரசுக்கு வெளியே நின்ற பிரதான முதலாளித்துவக் கட்சி ஒப்பந்தத்தை ஏற்றிருப்பின், அல்லது மௌனமேனும் காத்திருப்பின், அரசுக்குள் இருந்த கடும்போக்காளருக்குச் செல்ல வேறிடம் இருந்திராது. எதிர்க்கட்சி அவர்களுக்குப் போட்டியாகவே வந்து நின்றது. அடுத்த மாதத்திலேயே இனக்கலவரம் நாட்டைச் சூழ்ந்தது.

கட்சி என்ற அளவில், இவ்வழி பலனளித்தது என்றே சொல்ல வேண்டும். 1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்க கொலையுண்டதும், ஆளுங்கூட்டணி பிளவுபட்டதும் அதற்குத் துணைசெய்தன. 1960 மார்ச்சில், விரிவாக்கப்பட்ட பாராளுமன்றத்தின் 151 ஆசனங்களில் 50 ஐப் பெற்று ஐ. தே. க. தனிப்பெரும் கட்சியாயிற்று. நான்கு ஆண்டுகளில் எட்டு ஐம்பதாகியது. ஆயினும் அறுதிப் பெரும்பான்மைக்கு இது போதவில்லை. 15 ஆசனங்களைக் கொண்ட தமிழரசுக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டபோது, ஒப்பந்த எதிர்ப்பாளர் என்ற தமது பழைய வேடமே டட்லிக்குத் தடையாயிற்று. ஏப்ரல் 22 ஆம் திகதி சிம்மாசன உரைமீதான வாக்கெடுப்பில் 61 க்கு 86 என்ற கணக்கில் அவரது அரசு வீழ்ந்தது. அதே ஆண்டு யூலைத் தேர்தலில், சுதந்திரக் கட்சிக்கும் தமிழரசுக் கட்சிக்கும் இரகசிய உடன்பாடு உண்டென்ற பிரசாரத்தையே அது மீண்டும் நம்பிற்று. அளிக்கப்பட்ட வாக்குகளில் ஏறக்குறைய 38 வீதத்தைப் பெற்றும், அதற்குக் கிடைத்த ஆசனங்கள் 30. ஏறக்குறைய 34 வீத வாக்குகளைப் பெற்ற சுதந்திரக் கட்சி, இடதுசாரிகளுடன் செய்த போட்டி தவிர்ப்பு உடன்பாட்டின் உதவியுடன் 75 ஆசனங்களைப் பெற்றது. குறுக்குவழியால் மீண்ட கட்சி அக்குறுக்குவழியின் கைதியாகவும் ஆகியது என்பதே இதன் பொருள்.

3. 1965: எதிரணி கற்ற பாடம்

கண்டி யாத்திரையின் படிப்பினையை ஐ. தே. க. மட்டும் கற்கவில்லை. 1965 மார்ச்சில் 66 ஆசனங்களுடன் டட்லி சேனநாயக்க மீண்டும் பிரதமரானபோது, இம்முறை தமிழரசுக் கட்சியின் ஆதரவை அவர் முன்கூட்டியே பெற்றிருந்தார். மாவட்ட சபைகளையும், தமிழ் மொழியின் உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளையும், காணிக் குடியேற்றத்தில் முன்னுரிமையையும் ஏற்கும் டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தம் மார்ச் 24 ஆம் திகதி செய்யப்பட்டது. முன்னர் ஒப்பந்தத்தை எதிர்த்தவர் இப்பொழுது ஒப்பந்தம் செய்பவரானார். முன்னர் ஒப்பந்தம் செய்த கட்சி இப்பொழுது அதனை எதிர்க்கும் கட்சியாயிற்று.

இந்த இடமாற்றத்தில் முற்போக்காளர்களாகிய நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்றுண்டு. இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து என்ற கொள்கையை 1956 இல் துணிவுடன் பேணிய லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும், 1966 சனவரி 8 ஆம் திகதி தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடைபெற்ற ஆர்ப்பாட்டத்தில் சுதந்திரக் கட்சியுடன் தோளோடு தோள் நின்றன. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பிக்கு உயிரிழந்தார். அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பிரதமர் தமிழருடன் உறவு கொண்டாடுகின்றார் என்று மசாலவடையின் பெயரால் அவரைக் கேலிசெய்யும் கோஷமும் அக்காலத்திலே எழுந்தது. சமத்துவத்தின் பேரால் தோன்றிய இயக்கம், தோல்வியிலிருந்து மீளும் அவசரத்தில் ஒரு சிறுபான்மையினத்தின் உணவைக் கேலிப்பொருளாக்கியது.

ஒழுங்குவிதிகள் நிறைவேறின. ஆனால், 1968 இல் வெள்ளை அறிக்கையாக வெளிவந்த மாவட்ட சபைத் திட்டம், எதிரணியின் எதிர்ப்பாலும் ஆளுங்கட்சிக்குள் எழுந்த தயக்கத்தாலும் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் சுதந்திரக் கட்சியும் இரு இடதுசாரிக் கட்சிகளும் பொது வேலைத்திட்டம் ஒன்றை ஏற்று ஐக்கிய முன்னணியாகின. அவர்களின் மீட்சிக்கு மொழிப் பிரச்சினை மட்டும் காரணமன்று. 1966 இறுதியில் வாராந்த அரிசிப் பங்கீடு இரு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டதும், வளர்ந்துவந்த வேலையின்மையும், குறிப்பாகச் சுயமொழியிற் கற்ற இளைஞரின் ஏமாற்றமும் அவர்களுக்கு வாய்ப்பாயின. இவையே போதுமானவையாய் இருந்திருக்கும் என்று நாம் கருதுகின்றோம். ஆயினும் 1966 இன் கோஷங்கள் கூட்டணியின் உள்ளே ஊறிவிட்டன. தமிழர் பிரதிநிதிகளின் கோரிக்கைகளைப் புறந்தள்ளிய 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைந்த அமைச்சர், ஒரு காலத்தில் சம அந்தஸ்துக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வாவே என்பதை மறக்க இயலாது.

4. 1970: வாக்கும் ஆசனமும்

1970 மே 27 ஆம் திகதித் தேர்தலில் ஐக்கிய முன்னணி 116 ஆசனங்களைப் பெற்றது: சுதந்திரக் கட்சி 91, சமசமாஜக் கட்சி 19, கம்யூனிஸ்ட் கட்சி 6. ஐ. தே. க.வுக்கு 17 ஆசனங்களே எஞ்சின. வெளித்தோற்றத்தில் இது 1956 இன் மறுபதிப்பு. வாக்கு எண்ணிக்கையை நோக்குவோமாயின் நிலைமை வேறாகத் தோன்றும். ஐ. தே. க. பெற்ற வாக்குகள் ஏறக்குறைய 19 இலட்சம். அதாவது 38 வீதமளவு. சுதந்திரக் கட்சி தனியே பெற்றது 37 வீதமளவு. 1965 இல் 66 ஆசனங்களை வென்றபோது பெற்றதைவிடவும் ஏறத்தாழ மூன்று இலட்சம் வாக்குகளை இம்முறை ஐ. தே. க. அதிகமாகப் பெற்றே 17 ஆசனங்களுக்குத் தாழ்ந்தது. சுதந்திரக் கட்சி பல தொகுதிகளைக் கூட்டாளிகளுக்கு விட்டுக்கொடுத்தது என்பதையும், முன்னணியின் மொத்த வாக்கு 49 வீதமளவில் இருந்தது என்பதையும் சேர்த்தே இதனை மதிப்பிட வேண்டும். அவ்வாறு மதிப்பிட்டாலும், 49 க்கும் 38 க்கும் இடையிலான வேறுபாடு 116 க்கும் 17 க்கும் இடையிலான வேறுபாடாக விரிந்தது தேர்தல் முறையின் விளைவே.

இத்தோல்வியிலிருந்து இரு பாடங்களைக் கற்கலாம். கட்சியின் வாக்காளர் தளம் உறுதியாகவே உள்ளது, அதனை ஒழுங்குபடுத்துவதே வேலை என்பது ஒன்று. இத்தேர்தல் முறை கட்சிக்குப் பாதகமானது, அதனை மாற்ற வேண்டும் என்பது மற்றையது. ஜயவர்த்தன இரண்டையும் கற்றார்.

முதலில் தலைமைப் பிரச்சினை தீரவேண்டியிருந்தது. டட்லி கட்சித் தலைவராகத் தொடர, ஜயவர்த்தன எதிர்க்கட்சித் தலைவரானார். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் பின், அரசுடன் எந்தளவு ஒத்துழைப்பது என்பதில் இருவரும் முரண்பட்டனர். சுதந்திரக் கட்சியை இடதுசாரிகளிடமிருந்து பிரிக்க ஒத்துழைப்பே வழி என்பது ஜயவர்த்தனவின் கணிப்பு. எதிர்க்கட்சி எதிர்க்கட்சியாகவே நிற்கவேண்டும் என்பது டட்லியின் நிலைப்பாடு. 1972 இல் ஜயவர்த்தனவைக் கட்சியிலிருந்து நீக்கும் முயற்சியும் அதனை எதிர்த்த நீதிமன்ற நடவடிக்கையும் வரை இம்முரண்பாடு முற்றியது. பின்னரே சமரசம் ஏற்பட்டது. 1973 ஏப்ரல் 13 ஆம் திகதி டட்லி காலமானார். அவரது இறுதிச் சடங்கிற் கூடிய பெருந்திரள், கட்சி மீதான மக்கள் பற்று அறவே போய்விடவில்லை என்பதற்குச் சான்றாயிற்று. தலைமை ஜயவர்த்தனவிடம் வந்தது. தெதிகமை இடைத்தேர்தலில் வென்ற, டட்லியின் பெறாமகன் ருக்மன் சேனநாயக்க பின்னர் புதிய தலைமையுடன் முரண்பட்டுக் கட்சிக்கு வெளியே நின்றார். சேனநாயக்க குடும்பத்தின் பிடி இவ்வாறு தளர்ந்தது.

5. கட்சியைத் திருத்தியமைத்தல்

1973 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றமே ஐ. தே. க.வின் வரலாற்றில் மிக ஆழமானது. பிரமுகர்களின் கூட்டாயிருந்தது, உறுப்பினர்களையும் கிளைகளையும் கொண்ட வெகுசனக் கட்சியாக மாற்றப்பட்டது. இளைஞர் அமைப்புக்கள் புத்துயிர் பெற்றன. கட்சிசார்ந்த தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமய, இடதுசாரிகளின் கோட்டையாகக் கருதப்பட்ட கூட்டுத்தாபனங்களுக்குள்ளும் காலூன்றத் தொடங்கியது.

இம்மாற்றத்தின் சின்னமாக ஆர். பிரேமதாசவைக் குறிப்பிடலாம். கொழும்பு மத்தியின் எளிய சூழலிலிருந்து, ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற் கட்சி வழியாக வந்தவர் அவர். நிலவுடைமையாலோ குடும்பத்தாலோ உயராத ஒருவர் கட்சியின் இரண்டாம் இடத்துக்கு வருவது 1956 க்கு முன்னர் எண்ணிப்பார்க்க முடியாதது. காமினி திசாநாயக்க, லலித் அத்துலத்முதலி போன்ற அடுத்த தலைமுறையினரும் முன்வரிசைக்கு வந்தனர். 1976 இல் சுதந்திரக் கட்சியிலிருந்து ரொனி டி மெல் வந்து சேர்ந்தார். கட்சியின் வர்க்க நலன் மாறிவிட்டது என்று இதற்குப் பொருளன்று. பெருமுதலாளித்துவத்தின் நலனைப் பேணும் கட்சி, அதனைத் திறம்படச் செய்வதற்குக் கீழ்மட்ட மத்தியதர வர்க்கத்தையும் நகர்ப்புற ஏழைகளையும் தனது அமைப்புக்குள் எடுத்துக்கொண்டது. 1956 இல் எழுந்த வினாவுக்கு 17 ஆண்டுகள் கழித்து அது விடைகண்டது.

மூன்றாம் வினாவுக்கான விடையைப் பெருமளவுக்கு அரசே வழங்கியது. 1973 இல் எண்ணெய் விலையும் உணவு விலையும் உலகெங்கும் உயர்ந்தன. பாணுக்கு அதிகாலையிற் காத்துநின்ற வரிசைகளும், அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச்செல்வதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும், சோதனைச் சாவடிகளும் அன்றாட வாழ்வின் பகுதியாயின. மலையகத் தோட்டங்களிற் பட்டினி உயிர்களையும் பறித்தது. இரு கொத்து அரிசியை வாக்களித்து வந்த அரசுக்கு இதனிலும் பாதகமான நிலை இல்லை. 1971 மார்ச்சில் அமுலுக்கு வந்த அவசரகால நிலை 1977 பெப்ரவரி வரை நீடித்தது. 1973 இல் ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. 1974 ஏப்ரலில் தவச பத்திரிகை நிறுவனத்துக்கு முத்திரையிடப்பட்டது. 1970 இல் ஐந்தாண்டுக்கெனத் தெரிவான பாராளுமன்றம், புதிய அரசியலமைப்பின் வழியாகத் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. இதனைக் கண்டித்து ஜயவர்த்தன 1975 இல் தமது கொழும்பு தெற்கு ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் மீண்டும் போட்டியிட்டுப் பெருவெற்றி பெற்றார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சமூகத்துக்கு வழங்கப்படவிருந்த உரிமையை எதிர்த்து நடந்தவர், இப்பொழுது வாக்காளரின் உரிமைக்காகப் பதவி துறந்தவராகக் காட்சியளித்தார். 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து நீக்கப்பட்டதும், 1977 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சி விலகியதும், 1970 இல் ஐ. தே. க.வை வீழ்த்திய கூட்டணிக் கணக்கைக் குலைத்தன.

தமிழர் தொடர்பாகவும் இம்முறை வேறு தொனி ஒலித்தது. 1976 மே மாத வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பின்னணியில் வெளிவந்த ஐ. தே. க.வின் 1977 தேர்தல் விஞ்ஞாபனம், கல்வி, குடியேற்றம், மொழி உபயோகம், தொழில்வாய்ப்பு ஆகியவற்றில் தமிழருக்குக் குறைகள் உள்ளன என்பதை ஒப்புக்கொண்டு, சர்வகட்சி மாநாடு ஒன்றின் மூலம் அவற்றைத் தீர்ப்பதாக வாக்களித்தது. கண்டி யாத்திரையின் கட்சி இவ்வாறு எழுதியது சிறு விடயமன்று.

6. 1977: வெற்றியும் அதன் விலையும்

1977 யூலை 21 ஆம் திகதி, 168 ஆசனங்களில் 140 ஐ ஐ. தே. க. கைப்பற்றியது. வாக்கு வீதம் 51 அளவில் இருந்தது. 30 வீதமளவு வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்கள். 1956 இல் ஐ. தே. க. பெற்ற அதே எண். 1936 முதல் சட்டமன்றத்தில் இடம்பெற்றுவந்த சமசமாஜக் கட்சி உட்பட, இடதுசாரிகளுக்கு ஓர் ஆசனமும் இல்லை. 18 ஆசனங்களுடன் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இங்குதான் இக்கட்டுரையின் மையப் பிரச்சினை எழுகின்றது. 1960 இல் சிறுபான்மை அரசாகவும் 1965 இல் கூட்டரசாகவும் இருந்த ஐ. தே. க., பிறரோடு இணங்கவேண்டிய நிலையில் இருந்தது. ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களைப் பெற்ற கட்சிக்கு அத்தேவை இல்லை. விஞ்ஞாபனத்தில் வாக்களிக்கப்பட்ட மாநாடு காலத்தோடு கூட்டப்படவில்லை. ஆகஸ்டிலேயே இனவன்செயல் வெடித்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டது. சர்வகட்சி மாநாடு கூடியபோது ஆண்டு 1984. அதற்குள் 1983 யூலை நிகழ்ந்து முடிந்திருந்தது. தோல்விக்காலத்தில் தொழிலாளர் மத்தியில் கட்டப்பட்ட ஜாதிக சேவக சங்கமய, ஏனைய தொழிற்சங்கங்களுக்கு எதிரான வன்முறைகள் தொடர்பிற் கடுங் குற்றச்சாட்டுகளுக்கு உள்ளானது. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட ஏறக்குறைய 40,000 பேர் வேலை இழந்தனர்.

தோல்வியிலிருந்து கற்ற இரண்டாம் பாடமும் இக்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு தெரிவாகும் நிறைவேற்று ஜனாதிபதியையும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் கொண்டுவந்தது. 1960 யூலையிலும் 1970 இலும் வாக்கில் முதலிடம் பெற்றும் ஆட்சியைப் பெறாத கட்சியின் அனுபவத்தை இதிற் காணாதிருக்க முடியாது. விகிதாசார முறை தன்னளவில் நியாயமானது. சிறுபான்மையினருக்கும் சிறு கட்சிகளுக்கும் அது நன்மையே. ஆனால், பழைய முறையின் மிகையான பயனை அனுபவித்துக்கொண்டே அம்முறை மாற்றப்பட்டது. 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. 1982 டிசெம்பரிற் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, 1977 இல் தெரிவான பாராளுமன்றம் மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. ஈராண்டு நீடிப்பைக் கண்டித்து ஆசனம் துறந்தவரே ஆறாண்டு நீடிப்பைச் செய்தார். சுதந்திரக் கட்சி, மக்கள் முன்னணி என்ற கூட்டமைப்பில், 1994 இலேயே ஆட்சிக்கு மீண்டது. 1956 இன் பின் நான்கு ஆண்டுகளிலும் 1970 இன் பின் ஏழு ஆண்டுகளிலும் தான் கண்ட மீட்சியைத் தன் எதிரிக்குப் பதினேழு ஆண்டுகள் கிட்டாமற் செய்தது ஐ. தே. க.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளை நாம் முன்வைக்கலாம். முதலாவதாக, 1956 இலும் 1970 இலும் ஐ. தே. க. மீண்டமைக்கு அதன் வாக்காளர் தளம் சிதையாதிருந்ததே அடிப்படை. அத்தளமே பிரிந்து சென்றுவிடின் அனுபவமோ பெயரோ உதவாது. 2020 பொதுத் தேர்தலில், தன்னிலிருந்து பிரிந்த ஐக்கிய மக்கள் சக்தி 54 ஆசனங்களைப் பெற, இக்கட்சி 2 வீதமளவு வாக்குடன் ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தைப் பெற்றது. அந்த ஓர் ஆசனத்தின் வழியே 2022 இல் அதன் தலைவர் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார் எனினும், அது நெருக்கடி ஒன்று அளித்த பதவியேயன்றிக் கட்சியின் மீளெழுச்சியன்று. அதே 2020 இல் மூன்று ஆசனங்களை மட்டுமே பெற்ற தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 159 ஆசனங்களை வென்றமை, தோல்விக்கால அமைப்பு வேலையின் பெறுமதிக்கு அண்மைக்காலச் சான்றாகும்.

இரண்டாவதாக, தோற்ற கட்சி கையிலெடுக்கும் எதிர்ப்பு, வென்ற கட்சி செய்யக்கூடியதன் எல்லையை வரையறுக்கின்றது. 1957 இல் ஐ. தே. க.வும் 1966 இல் சுதந்திரக் கட்சியும் இடதுசாரிகளும் செய்தது ஒன்றே: இணக்கத்தைத் துரோகமாக்கினர். இரு கட்சிகளும் ஆட்சியில் இருந்தபோது ஒப்பந்தத்தின் தேவையை உணர்ந்தன. தோல்வியில் இருந்தபோது அதனை மறந்தன. தமிழருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் முறிந்த வரலாறு ஆளுங்கட்சிகளின் கோழைத்தனத்தின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. எதிர்க்கட்சிகளின் அவசரத்தின் வரலாறாகவும் அது எழுதப்படவேண்டும்.

மூன்றாவதாக, அமைப்பைத் திருத்துதல் வேறு, நோக்கைத் திருத்துதல் வேறு. 1973 - 1977 காலத்து ஐ. தே. க. முதலாவதைச் செய்தமைக்கு இலங்கைக் கட்சி வரலாற்றில் அதற்கு இணையான எடுத்துக்காட்டுகள் குறைவு. எவ்வாறு மக்களைப் பிரதிநிதித்துவப்படுத்துவது என்ற பாடத்தைவிட, எவ்வாறு மீண்டும் தோற்காதிருப்பது என்ற பாடமே அதன் தலைமையின் மனத்தில் ஆழப்பதிந்தது. தேர்தலிற் தோற்கும் வாய்ப்பை எதிரிக்கும் தனக்கும் சமமாக ஏற்றுக்கொள்ளும் கட்சியே சனநாயகத்துக்குப் பயனுடையது. அவ்வாய்ப்பு அடைக்கப்பட்ட ஆண்டுகளில், வடக்கிலும் தெற்கிலும் இளைஞர் வாக்குப்பெட்டிக்கு அப்பால் வழி தேடியதை நாம் கண்டோம். தோல்வியுற்றோர் அமைதியாக மீண்டெழுவதற்கு இடமுள்ள அரசியலைப் பேணுதல், வென்றோரின் தயவைப் பொறுத்த விடயமாக இருத்தலாகாது. அது தோல்வியுற்றோர் தம் எதிர்ப்பைத் தெரிந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கும் பொறுப்பாகும்.